ஒரு சிவப்புச் சுவர், 22,720 ரூபாய்: நாமே பெயிண்ட் அடிச்சா மிச்சமா, நஷ்டமா?



இந்த வாரம் எஸ்.ஐ.பி. இல்லை, பங்குச் சந்தை இல்லை. பெயிண்ட் பத்திப் பேசப் போறோம். நடுவுல கொஞ்சம் இன்கம் டாக்ஸ் வரும், பயப்படாதீங்க.

போன மாசம் எங்க ஆபீஸ்ல ஆர்ட்டிகிள்ஷிப் பண்ற பையன் ஒருத்தன் வந்தான். "சார், நாங்க மூணு பேரும் சேர்ந்து ரூமுக்கு நாங்களே பெயிண்ட் அடிச்சிட்டோம். பத்தாயிரம் மிச்சம்"னு பெருமையா போட்டோ காட்டினான். சீலிங் முழுக்கக் கறுப்பு. அதுல இருட்டுல மின்னுற நட்சத்திர ஸ்டிக்கர். உண்மையைச் சொல்லணும்னா, பார்க்க நல்லாத்தான் இருந்தது.

"ஹவுஸ் ஓனர்கிட்ட கேட்டியாப்பா?"ன்னு கேட்டேன்.

பையன் பதில் சொல்லலை. போட்டோவை மட்டும் ஒரு தடவை பெரிசு பண்ணிப் பார்த்தான்.

அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. அதே தப்பை நான் சி.ஏ. பாஸ் பண்ணினதுக்கு அப்புறம் பண்ணியிருக்கேன். பைசா பைசாவா கணக்கும் எழுதி வெச்சிருக்கேன். முதல்ல அதைச் சொல்லிடறேன்.

என் சிவப்புச் சுவர்

2015. கல்யாணம் ஆன புதுசு. சென்னையில 12,000 ரூபாய் வாடகைக்கு ஒரு 2 பிஎச்கே. அட்வான்ஸ் பத்து மாச வாடகை, அதாவது 1,20,000 ரூபாய். ஹால் முழுக்க வெளிறிப் போன க்ரீம் கலர். ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி இருக்குன்னு எனக்கும் மனைவிக்கும் ஒரே நேரத்துல தோணிச்சு. டி.வி. வைக்கிற சுவருக்கு மட்டும் அடர் சிவப்பு அடிச்சா ஹாலே மாறிடும்னு முடிவு பண்ணினோம்.

பெயிண்டர் பொருள், கூலி எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய் கேட்டார். நான் மனக்கணக்கு போட்டேன். சுவர் 12 அடிக்கு 10 அடி, 120 சதுர அடி. ஒரு லிட்டர் வாங்கினா ரெண்டு கோட்டுக்குச் சரியா வரும்னு டப்பா சொல்லுது. லிட்டர் 650. ரோலர், பிரஷ், ட்ரே 600. ஆக 1,250 ரூபாய்ல முடியற வேலைக்கு எதுக்கு 3,500?

ஞாயித்துக்கிழமை காலையில ஆரம்பிச்சோம். முதல் தப்பு கலர் கார்டு. தபால் தலை அளவு சதுரத்துல கம்பீரமா இருந்த சிவப்பு, முழுச் சுவருக்கு வந்ததும் டியூப்லைட் வெளிச்சத்துல பீட்ரூட் பொரியல் கலர்ல நின்னுச்சு. சின்னத் துண்டுல பார்க்கிற நிறம் பெரிய பரப்புல இன்னும் அழுத்தமாத் தெரியும், வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி மாறும். இது பெயிண்டருங்க எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியலை.

ரெண்டாவது தப்பு, சிவப்பை மத்த நிறம் மாதிரி நினைச்சது. பளிச்சுனு இருக்கிற சிவப்புக்கும் மஞ்சளுக்கும் அடியில இருக்கிறதை மறைக்கிற சக்தி கம்மி. டப்பாவுல போட்டிருக்கிற ரெண்டு கோட் கணக்கு இதுக்கு ஒத்து வராது. முதல் கோட் காய்ஞ்சதும் க்ரீம் கலர் வரிவரியாத் தெரிஞ்சுது. ரெண்டாவது கோட் பாதிச் சுவர்ல டப்பா காலி. அடுத்த ஞாயிறு அதே நம்பரைச் சொல்லி இன்னொரு லிட்டர் வாங்கினேன். மெஷின்ல தனித்தனியா கலக்குற ரெண்டு டப்பா அச்சு அசலா ஒரே நிறமா வரும்னு உத்தரவாதம் இல்லை. சுவத்துல இடுப்பு உயரத்துக்கு வெள்ளம் வந்து வடிஞ்ச மாதிரி ஒரு கோடு. அதை மறைக்க மூணாவது லிட்டர்.

மூணாவது, மாஸ்கிங் டேப். பெயிண்ட் கொஞ்சம் ஈரமா இருக்கும்போதே மெதுவா உரிக்கணும். நான் நல்லாக் காயட்டும்னு ஒரு வாரம் விட்டு உரிச்சேன். பக்கத்துச் சுவரோட க்ரீம் பெயிண்டும் கூடவே வந்துடுச்சு. நாலாவது, சோபா மேல பழைய பெட்ஷீட் போட்டு மூடினது. பெட்ஷீட்டைத் தாண்டி பெயிண்ட் சொட்டு இறங்கும்ங்கிறதை அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அடுத்த மாசம் ஊர்ல இருந்து அம்மா வந்தாங்க. வாசப்படியிலேயே நின்னு ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "என்னடா, கோயில் மதில் மாதிரி பண்ணி வெச்சிருக்க? வெள்ளைப் பட்டை மட்டும்தான் பாக்கி"ன்னாங்க.

அன்னிக்கு ராத்திரி எழுதின கணக்கு இதுதான்:

பெயிண்ட் 3 லிட்டர்: 1,950
ரோலர், பிரஷ், ட்ரே: 600
மாஸ்கிங் டேப்: 150
பட்டி, உப்புத்தாள்: 220
சோபா சுத்தம் பண்ண: 1,800
மொத்தம்: 4,720 ரூபாய்

பெயிண்டர் கேட்டதை விட 1,220 ரூபாய் அதிகம். ரெண்டு ஞாயித்துக்கிழமையும் போச்சு. சரி, 1,220 ரூபாய்க்கு ஒரு அனுபவம்னு சிரிச்சுட்டு விட்டுட்டோம். கதை அங்கேயே முடிஞ்சிருந்தா இந்தக் கட்டுரையே தேவையில்லை.

2018 ஜனவரியில சொந்த ஃப்ளாட்டுக்காக அந்த வீட்டைக் காலி பண்ணினோம். பத்திரப் பதிவுக்கு நாள் குறிச்சாச்சு. பதிவுச் செலவுக்கு நாங்க நம்பி இருந்தது அந்த 1,20,000 அட்வான்ஸைத்தான். வீட்டுக்காரர் வந்தார், சுவரைப் பார்த்தார். "இந்த ஒரு செவுத்தை மட்டும் அடிச்சா மத்ததோட ஒட்டாது தம்பி. ஹால் முழுக்க அடிக்கணும். பதினெட்டாயிரம் புடிச்சுப்பேன்"னார்.

நான் விடுவேனா? பேசினேன், சண்டை போட்டேன். அவர் அமைதியா அக்ரிமென்ட்டை எடுத்து மூணாவது பக்கத்தைக் காட்டினார். எழுத்து மூலமா அனுமதி வாங்காம வீட்டுல எந்த மாத்தமும் பண்ணக் கூடாது. கீழே என் கையெழுத்து. அடுத்தவங்க ஒப்பந்தத்தைப் படிச்சுப் பார்த்து ஃபீஸ் வாங்குறவன், என் வீட்டு அக்ரிமென்ட்டைப் படிக்காம கையெழுத்துப் போட்டிருக்கேன்.

பேச்சு முத்தினதுல 18,000 மட்டும் நிக்கலை. முழு அட்வான்ஸும் ஏழு வாரம் நின்னு போச்சு. பதிவுத் தேதி நிக்குமா? வேற வழியில்லாம மனைவியோட வளையலை நகைக்கடன்ல வைக்க வேண்டியதாச்சு. கேட்கவே எனக்குக் கூச்சமா இருந்தது. அவங்க வளையலைக் கழட்டிக் கையில கொடுத்துட்டு, "கலர் செலக்ட் பண்ணினது நானும்தானே. போய் வெச்சுட்டு வாங்க"ன்னாங்க. அன்னிக்கு கவுன்டர்ல தராசு முன்னாடி நின்னது இன்னும் ஞாபகம் இருக்கு. ஆயிரம் பேருக்கு அவசரகால நிதி வைங்கன்னு சொன்னவன், என் பதிவுச் செலவை இன்னொருத்தர் கையில இருக்கிற பணத்தை நம்பிப் போட்டிருந்தேன்.

ஏழு வாரம் கழிச்சு 1,02,000 வந்துச்சு. வளையலை மீட்டாச்சு. 4,720-ம் 18,000-மும் சேர்த்தா 22,720 ரூபாய். நகைக்கடன் வட்டி தனி.

இந்தக் கணக்கைப் பிரிச்சுப் பாருங்க. என் கை செஞ்ச தப்பு 1,220 ரூபாய். வாயைத் திறந்து கேட்காத தப்பு 18,000 ரூபாய். பெயிண்டரை வெச்சு அழகா அடிச்சிருந்தாலும் அந்த 18,000 போயிருக்கும். நாமே பெயிண்ட் அடிக்கலாமாங்கிற கேள்வியில நாம எல்லாரும் கூலியை மட்டும்தான் பார்க்கிறோம். அதைவிடப் பெரிய செலவு, அடிச்சதை ஒரு நாள் பழையபடி மாத்துற செலவு. அதை யார் கொடுக்கப் போறாங்கன்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

தாத்தா காலத்துல நஷ்டமே இல்லையே, ஏன்?

நாமே அடிக்கிறது ஒண்ணும் புதுசு இல்லை. மன்னார்குடி பக்கத்துல எங்க தாத்தா வீட்டுல போகிக்கு முன்னாடி வெள்ளையடிக்கிறது வீட்டு ஆளுங்க வேலைதான். கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவெச்சு, வடிகட்டி, கொஞ்சம் வஜ்ஜிரம், கொஞ்சம் நீலம் கலந்து, மட்டையால அடிப்போம். நாங்க பசங்க அடிச்ச இடம் திட்டுத்திட்டா இருக்கும். சித்தப்பா ஒரு வருஷம் நீலத்தை அள்ளிப் போட்டுட்டார். அந்த வருஷம் முழுக்க வீடு வானம் மாதிரி இருந்தது.

யாரும் கவலைப்படலை. ஏன்னா சுண்ணாம்பு மலிவு, வீடு சொந்த வீடு, அடுத்த போகிக்கு மறுபடியும் அடிக்கத்தான் போறோம். தப்பைத் திருத்துற செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். இன்னிக்கு நாம இருக்கிறது வாடகை ஃப்ளாட், அடிக்கிறது பல வருஷம் நிக்கிற எமல்ஷன். தப்பும் அத்தனை வருஷம் கூடவே நிக்கும்.

எனக்குத் தெரிஞ்ச மூணு சம்பவம்

அப்பளச் சுவர். நண்பர் ஒருத்தர் வீட்டுல பெட்ரூம் சுவர்ல ஓதம். பெயிண்ட் பொரிஞ்சு வெள்ளையா உப்புப் பூத்திருந்தது. தீபாவளிக்கு விருந்தாளி வர்றாங்கன்னு, ஐப்பசி மழையில, அது மேலேயே பளபளன்னு விலை கூடின பெயிண்ட்டை 6,500 ரூபாய்க்கு வாங்கி அடிச்சார். மூணு வாரத்துல சுவர் முழுக்க எண்ணெய்ல போட்ட அப்பளம் மாதிரி கொப்புளம். பின்பக்கம் பாத்ரூம் குழாய் கசிஞ்சுக்கிட்டு இருந்தது. சுவருக்குள்ள இருக்கிற தண்ணி வெளியே வர வழி தேடும். மேல போட்ட பெயிண்ட்டைத் தள்ளிட்டுத்தான் வரும். குழாயைச் சரி பண்ணி, சுவரைக் காயவெச்சு, மறுபடி முதல்ல இருந்து வேலை. 6,500 ரூபாயும் வீண்.

பாத்ரூம் டைல்ஸ். டைல்ஸ் மாத்தினா 40,000 ஆகும்னு, தெரிஞ்ச தம்பதி ஒருத்தங்க டைல்ஸ் மேலேயே எனாமல் பெயிண்ட் அடிச்சாங்க. பிரைமர் இல்லை, தேய்க்கவும் இல்லை. வழவழன்னு இருக்கிற டைல்ஸ்ல பெயிண்ட் எதைப் பிடிச்சு நிக்கும்? ரெண்டாவது வாரம், ஈரத் துணியால துடைச்சப்போ ஆடை உரியற மாதிரி ஒரு பக்கமா வந்துடுச்சு. கணவர் வாளியைத் தூக்கிட்டு வெளியே வரும்போது முதுகுல அந்த ஆடை ஒட்டியிருந்ததாம். இன்னிக்கும் அந்த வீட்டுல சிரிக்கிறதுக்கு அது ஒண்ணு போதும்.

மூணாவதுக்குச் சிரிக்க முடியாது. கூட வேலை பார்த்தவர் ஒருத்தர், ஏணி வாடகை எதுக்குன்னு டேபிள் மேல பிளாஸ்டிக் நாற்காலி போட்டு சீலிங்குக்கு அடிச்சார். விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிவு, மூணு வாரம் லீவு. மிச்சம் பிடிச்சது ஒரு நாள் ஏணி வாடகை. தயவுசெஞ்சு இதை மட்டும் பண்ணாதீங்க.

பெயிண்டர் அண்ணன் சொன்ன கணக்கு

சொந்த ஃப்ளாட்டுக்கு வேலை பார்த்த பெயிண்டர் அண்ணன்கிட்ட என் சிவப்புச் சுவர் கதையைச் சொன்னேன். சிரிச்சுட்டு, "சார், பெயிண்ட் அடிக்கிறது கடைசி வேலை. அதுக்கு முன்னாடி நாலு வேலை இருக்கு. எல்லாரும் அஞ்சாவதுல இருந்து ஆரம்பிக்கிறாங்க"ன்னார்.

அந்த நாலு என்னன்னா: பழசைச் சுரண்டி எடுக்கிறது, பட்டி பார்க்கிறது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறது, பிரைமர் அடிக்கிறது. நாம கொடுக்கிற கூலியில பெரும்பகுதி இதுக்குத்தான். வீடியோவுல இந்த நாலையும் பத்து செகண்ட்ல ஓட்டிடறதால நமக்கு அது வேலையாவே தெரியறதில்லை. பளபளப்பான பெயிண்ட் மேடு பள்ளத்தை இன்னும் எடுத்துக் காட்டும், மேட் அதை மறைக்கும்னும் அவர்தான் சொன்னார். பழைய எனாமல் மேல தேய்க்காம எமல்ஷன் அடிச்சா நிக்காது. புதுசாப் பூசின சுவரை நல்லாக் காயவிடாம அடிச்சா அதுவும் நிக்காது.

ஒரு எச்சரிக்கை. நம்ம நாட்டுல வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல இருக்கக் கூடாதுங்கிற விதி 2017 நவம்பர்ல இருந்துதான் அமலுக்கு வந்தது. அதுக்கு முன்னாடி அடிச்ச பழைய பெயிண்ட்ல, முக்கியமா கதவு, ஜன்னல் எனாமல்ல, ஈயம் இருக்கலாம். அதைக் காய்ஞ்சபடியே தேய்ச்சுத் தூசி கிளப்பாதீங்க. குழந்தை இருக்கிற வீட்டுல இந்த வேலையை நாமே பண்ண வேண்டாம்.

விசித்திர அலங்காரம்: யார் வீடு, யார் காசு?

அம்மா சொன்ன கோயில் மதிலை நிஜமாவே ஒருத்தங்க பண்ணினாங்க. லண்டன் கென்சிங்டன்ல, 2015ல, ஒரு அம்மா தன் மாடி வீட்டு முகப்புல மேலிருந்து கீழ வரைக்கும் சிவப்பு வெள்ளைப் பட்டை அடிச்சாங்க. பணக்காரங்க இருக்கிற அமைதியான தெரு. அக்கம்பக்கத்துல எதிர்ப்பு, வெள்ளையா மாத்தச் சொல்லி கவுன்சில் உத்தரவு. அவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2017ல உயர் நீதிமன்றம் அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு. ஜெயிச்சாங்க, சரி. ஆனா சொந்த வீட்டுச் சுவருக்கே கோர்ட் வரைக்கும் போக வேண்டியிருந்தது. நம்ம ஊர் அப்பார்ட்மென்ட்டுலயும் வெளிச்சுவர் உங்க ஒருத்தருக்குச் சொந்தம் இல்லை. பால்கனி வெளிப்பக்கம் கலர் மாத்தறதுக்கு முன்னாடி அசோசியேஷன்ல கேட்டுக்கோங்க.

பஞ்சாப்ல ஜலந்தர் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனா மொட்டை மாடித் தண்ணித் தொட்டி விமானம் மாதிரி, கால்பந்து மாதிரியெல்லாம் இருக்கும். வெளிநாட்டுல சம்பாதிச்சவங்க ஆசையா கட்டினது. எனக்கு அதுல ஒரு குறையும் தெரியலை. சொந்த வீடு, சம்பாதிச்ச காசு, விக்கப் போறதும் இல்லை. விமானம் வெச்சா வீட்டு விலை ஏறும்னு நினைச்சு அவங்க வைக்கலை. சந்தோஷத்துக்கு ஒரு செலவு, அவ்வளவுதான்.

பிரச்சனை எங்க வருதுன்னா, அலங்காரத்தை முதலீடுன்னு நினைச்சு கடன் வாங்கும்போது. எனக்குத் தெரிஞ்ச ஐ.டி. தம்பி ஒருத்தர், புது ஃப்ளாட் ஹாலுக்கு ஊதா கலர், சீலிங் முழுக்க கலர் மாறுற லைட், பால்கனி சுவர்ல செயற்கைப் புல், எல்லாத்துக்கும் சேர்த்து 3 லட்சம் பர்சனல் லோன் எடுத்தார். வட்டி 14 சதவீதம், மூணு வருஷம். மாசம் சுமார் 10,250 ரூபாய் இ.எம்.ஐ. மூணு வருஷத்துல வட்டி மட்டும் சுமார் 69,000. முதல் மழையிலேயே புல்லுக்குப் பின்னாடி பாசி பிடிச்சுது. கழட்டிப் போட்டாச்சு. இ.எம்.ஐ.யைக் கழட்ட முடியலை.

"வீட்டுக்குத்தானே அண்ணா செலவு பண்றேன், விக்கும்போது வந்துடும்"னு சொல்லியிருந்தார். வராது தம்பி. வாங்குறவர் முதல்ல கேட்கிறதே, "இந்த ஊதாவை மாத்த எவ்வளவு ஆகும், அதைக் குறைச்சுக்கோங்க"ன்னுதான்.

கொஞ்சம் சட்டம், கொஞ்சம் டாக்ஸ்

வாடகை வீட்டுல இருக்கிறவங்களுக்கு: தமிழ்நாட்டுல 2017ல கொண்டு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்தது. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்கலைன்னா, அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல போகக் கூடாது. சுவருக்கு வெள்ளையடிக்கிறதும் கதவு, ஜன்னலுக்கு பெயிண்ட் அடிக்கிறதும் பொதுவா வீட்டுக்காரர் பொறுப்புன்னும் அந்தச் சட்டத்தோட அட்டவணை சொல்லுது. ஆனா நாம உண்டாக்கின சேதத்துக்கு நாமதான் பொறுப்பு. அதனால அக்ரிமென்ட்டுல பெயிண்ட் பத்தி என்ன எழுதியிருக்குன்னு கையெழுத்துக்கு முன்னாடியே படிங்க. பெங்களூருல வேலை கிடைச்சுப் போறவங்க இன்னும் கவனம்: காலி பண்ணும்போது பெயிண்ட்டுக்குன்னு ஒரு மாச வாடகையைப் பிடிக்கிற வழக்கம் அங்க பரவலா இருக்கு. அப்படிப் பிடிக்கப் போறாங்கன்னா, சொந்தக் காசுல வேற எதுக்கு அடிக்கணும்?

டாக்ஸ் பக்கம் எல்லாரும் கேட்கிற கேள்வி, "பெயிண்ட் பில்லை எங்கயாவது காட்டலாமா சார்?" சுருக்கமா பதில்:

வாடகை வீட்டுக்கு நீங்க செலவு பண்ணின பெயிண்ட், எச்.ஆர்.ஏ. கணக்குல வராது. அங்க வாடகை மட்டும்தான்.

சொந்தமா குடியிருக்கிற வீட்டுக்கு பெயிண்ட் பில்லைக் கழிக்க முடியாது. ரிப்பேருக்காகக் கடன் வாங்கியிருந்தா, பழைய வரி முறையில மட்டும், அந்தக் கடன் வட்டிக்கு வருஷம் 30,000 ரூபாய் வரைக்கும் கழிவு உண்டு. புது முறையில குடியிருக்கிற வீட்டுக்கு அதுவும் இல்லை.

வாடகைக்கு விட்ட வீடுன்னா, வீட்டு வரி போக மீதி வாடகையில 30 சதவீதம் தானாவே கழிவு கிடைக்கும். நீங்க பெயிண்ட் அடிச்சாலும் அடிக்காட்டியும் அதே 30 தான்.

வீட்டை விக்கும்போது, சாதாரணமா பெயிண்ட் அடிச்சதைப் பராமரிப்புச் செலவாத்தான் பார்ப்பாங்க. மூலதன ஆதாயத்துல கழிக்கிற மேம்பாட்டுச் செலவா எடுத்துக்க முடியாது.

ஆக, பெயிண்ட்டுல அரசாங்கம் உங்க கூடச் செலவைப் பங்கு போட்டுக்காது. பெயிண்ட் விலையில 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மட்டும் வாங்கிக்கும். 2018 ஜூலைக்கு முன்னாடி அது 28 சதவீதமா இருந்தது, அந்த வரைக்கும் சந்தோஷம்.

அப்போ நாமே அடிக்கவே கூடாதா?

அடிக்கலாம். எங்க பொண்ணு ரூமுக்குப் போன வருஷம் நாங்கதான் அடிச்சோம். இந்தத் தடவை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுக்கிட்டோம். நீங்களும் கேளுங்க.

ஒண்ணு, சுவர் யாரோடது? வாடகை வீடுன்னா கலர் நம்பரோட வாட்ஸ்அப்லயாவது அனுமதி வாங்குங்க. காலி பண்ணும்போது அப்படியே விடலாமா, பழைய கலருக்கு மாத்தித் தரணுமான்னும் அதுலயே எழுதி வாங்குங்க. குடி வர்ற அன்னிக்கே எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பிடுங்க.

ரெண்டு, சுவருக்கு அடியில என்ன இருக்கு? ஓதமா, எனாமலா, விரிசலா? இதுல ஏதாவது இருந்தா முதல்ல அதைச் சரி பண்ணணும். அதுக்கு ஆளைக் கூப்பிடுங்க.

மூணு, பழையபடி மாத்த எவ்வளவு? வெளிர் நிறத்து மேல எதையும் சுலபமா அடிக்கலாம். சிவப்பு, கறுப்பு, ஊதாவை மறைக்க பிரைமரும் ரெண்டு மூணு கோட்டும் வேணும். அந்தத் தொகையையும் இன்னிக்கே செலவோட சேர்த்துக்கோங்க. அப்பவும் கட்டுபடியாகுதா? தாராளமா அடிங்க.

அளவு கணக்கும் சொல்லிடறேன். 12 அடிக்கு 10 அடி ரூம், உயரம் 10 அடி. சுத்தளவு 44 அடி, 10 அடி உயரத்தால பெருக்கினா 440 சதுர அடி. ஒரு கதவு, ஒரு ஜன்னல் கழிச்சா சுமார் 400. ஒரு லிட்டர் ரெண்டு கோட்டுக்கு 120 சதுர அடின்னு வெச்சா மூணேகால் லிட்டருக்குச் சொச்சம். ஆக ஒரு 4 லிட்டர் டப்பா. சில்லறையா லிட்டர் லிட்டரா வாங்காதீங்க, என் வெள்ளக் கோடு ஞாபகம் இருக்கட்டும். ஒண்ணுக்கு மேல டப்பா வாங்கினா எல்லாத்தையும் ஒரே வாளியில கலந்துட்டு ஆரம்பிங்க. கலர் கலந்த டப்பாவைக் கடையில பொதுவா திருப்பி எடுக்க மாட்டாங்க. அதனால முதல்ல சின்ன சாம்பிள் வாங்கி, ரெண்டடிக்கு ரெண்டடி அடிச்சு, காலையிலும் ராத்திரியிலும் பாருங்க. நாங்க பொண்ணு ரூமுக்கு அப்படி அடிச்சுப் பார்த்ததுல ரெண்டு கலரை வேண்டாம்னுட்டு மூணாவதை எடுத்தோம்.

உள் சுவர், எட்டுற உயரம், ஓதம் இல்லை, வெளிர் நிறம்: இதை நீங்களே பண்ணலாம், கூலி நிஜமாவே மிச்சம். வெளிச்சுவர், மாடிப்படி, உயரமான சீலிங், ஓதச் சுவர், பழைய எனாமல் சுரண்டுறது: இதெல்லாம் ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டிய வேலை. அந்தக் கூலியில பேரம் பேசியும் நேரத்தை வீணாக்காதீங்க.

நட்சத்திரப் பையன் கதைக்கு வருவோம். அன்னிக்கு சாயங்காலமே வீட்டுக்காரருக்கு போன் பண்ணி உண்மையைச் சொல்லச் சொன்னேன். நடுங்கிக்கிட்டேதான் பேசினான். அவர் முதல்ல கத்தினாராம். அப்புறம், "காலி பண்ணும்போது பழைய வெள்ளைக்கு மாத்திக் கொடுத்துடுங்க தம்பி"ன்னு வாட்ஸ்அப்ல போட்டுட்டார். பெயிண்டரைக் கேட்டதுல பிரைமர், மூணு கோட், கூலி எல்லாம் சேர்த்து 5,500 ரூபாய். அவங்க ஒப்பந்தம் முடிய இன்னும் பதினோரு மாசம் இருக்கு. மூணு பேரும் சேர்ந்து மாசம் 500 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. ஆரம்பிச்சிருக்காங்க. பாஸ்புக் மேல பென்சில்ல "சீலிங்"னு எழுதி வெச்சிருக்கான்.

உங்க அக்ரிமென்ட்டை இன்னிக்கே எடுத்து பெயிண்ட் பத்தி எந்தப் பக்கத்துல இருக்குன்னு பாருங்க. வாடகை ஒப்பந்தத்துல கையெழுத்துக்கு முன்னாடி பார்க்க வேண்டிய விஷயங்களை நம்ம சேனல்ல அடுத்த வீடியோவுல வரி வரியாப் பார்க்கலாம். அது வரைக்கும், பிளாஸ்டிக் நாற்காலி மேல ஏறாதீங்க.